மூச்சில் போன எடை

தராசு நாற்காலியில் கஜேந்திரன் உட்கார்ந்திருந்தான். அடுத்தது ஜெசிந்தா. அவளுடைய உள்ளங்கை இரண்டும் வேர்த்து, உடுப்பில் துடைத்துத் துடைத்து அந்த இடமே ஈரமாகிவிட்டது. வெளியே மைனஸ் அறுபது டிகிரி. உள்ளே பதினாறு டிகிரிக்கு மேல் சூடு வைக்கக் கூடாது என்று உத்தரவு. செவ்வாய்க் கிரகத்தில் அப்படி ஓர் இடத்தில் ஒருத்திக்கு இந்த மாதிரி வேர்த்தால் யாருக்கும் சந்தேகம் வர வேண்டும். நல்லவேளையாக ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் தராசின் எண்ணில் இருந்தது.

எடை போட்டுத் திருடனைப் பிடிப்பது கேப்டன் நாச்சியம்மையின் யோசனை. நிலையத்தில் இருப்பது மொத்தமே ஐந்து பேர். பூமியிலிருந்து வர வேண்டிய உணவுக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே பழுதாகி நின்றுவிட்டது. அடுத்தது வந்து சேர இன்னும் பதினோரு மாதம். நான்கு மாதமாக எல்லோருக்கும் சாப்பாடு மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கப்பட்டிருந்தது. அந்த நிலையில்தான் போன வாரம் பூமியிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கிடங்கில் இருக்கிற உணவை எல்லாம் ஒரு தடவை எடை போட்டு, எவ்வளவு என்று சொல்லுங்கள் என்றார்கள். எடை போட்டார்கள். இருபத்தாறு கிலோ குறைந்தது. ஐந்து பேருக்குப் பத்து நாள் சாப்பாடு அது.

"தின்னது எங்கயும் ஓடிப் போகாது," என்றார் நாச்சியம்மை. தேவகோட்டைக்காரர். ஐம்பத்து மூன்று வயது. குரலை உயர்த்தாமலே எதிராளியை உட்கார வைத்துவிடுவார். "உடம்புலதான் இருக்கும். தராசு சொல்லிப்புடும்."

தராசு சொல்லப் போவது என்ன என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். தின்றவள் அவள்தான்.

அவள் ஒன்றும் சாப்பாட்டுப் பிரியை இல்லை. தூத்துக்குடியில் அவள் அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து ஊட்டிய பிள்ளை. கப்பல் வராது என்று செய்தி வந்த வாரத்தில் அது ஆரம்பித்தது. நிலையத்தின் காற்றுப் பொறுப்பு அவளுடையது. மற்றவர்கள் துளைக்கிற வேலைக்கு வெளியே போயிருக்கும்போது, மதிய முறையில், காற்று எந்திரங்களுக்குப் பக்கத்தில் அவள் தனியாக இருப்பாள். அங்கிருந்து கிடங்கு பத்தடி தூரம். ஒரு நாள் திடீரென்று நெஞ்சுக்குள் ஒரு பயம் எழுந்தது. அது பசி இல்லை, பயம்தான். இது எல்லாம் தீர்ந்துவிடும், நமக்குக் கிடைக்காமல் போய்விடும் என்ற பயம். கிடங்குக்குப் போனாள். கடலை உருண்டைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, நின்றபடியே, பதினைந்து நிமிடத்தில் முழுவதையும் தின்று தீர்த்தாள். ருசி கூடத் தெரியவில்லை. பிறகு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. இரண்டு நாள் சாப்பாட்டைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. இனி இல்லை என்று மாதா படத்தின் மேல் சத்தியம் செய்தாள். அந்தச் சத்தியத்தை அதற்குப் பிறகு பத்து தடவை மீறியாகிவிட்டது.

கிடங்குக்குப் பூட்டு கிடையாது. இருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிடங்கும் சமையலும் பார்க்கிற தாணுமாலயன், "அடுக்களைய யாராவது பூட்டுவாங்களா?" என்று சொல்லி, பூமியிலிருந்து கொடுத்து அனுப்பிய பூட்டைக் கூழ்ப் பாத்திர மூடிக்குப் பாரமாக வைத்துவிட்டார். நாகர்கோவிலுக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஐம்பத்தோரு வயது. எல்லோருக்கும் அண்ணாச்சி. வயதில் சின்னவர் ஒருவரே ஆனாலும் அவருக்கு 'மக்களே'தான். பொறுமையாகப் பரிமாறுவார். யாருக்கு எது பிடிக்கும் என்று அவரவரை விட அவருக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் சாப்பிடுவார். பரிமாறுகிறவர் கடைசியில் சாப்பிடுவதுதானே முறை. அதை யாரும் தனியாக ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

"அறுபத்தெட்டு புள்ளி ஒண்ணு," என்றார் டாக்டர் இலியாஸ். அவரும் கேப்டனும் முதலிலேயே உட்கார்ந்து எழுந்திருந்தார்கள், இருவருக்கும் குறைச்சல்தான். "போன மாசத்துக்குக் கால் கிலோ குறைச்சல்."

கஜேந்திரன் நாற்காலியை விட்டு எழுந்தான். ஆரணிப் பையன். துளைக்கிற எந்திரம் அவன் பொறுப்பு. இருபத்தொன்பது வயதுக்கு உண்டான சத்தம் அவனிடம் உண்டு. "நான் சொல்லல? நம்மகிட்ட ஒண்ணும் இல்ல," என்று சொல்லிக்கொண்டே போய் ஓரமாக நின்றான்.

ஜெசிந்தா உட்கார்ந்தாள். நாற்காலி மெல்ல முன்னும் பின்னும் ஆடியது. இந்தக் கிரகத்தில் எல்லாமே லேசாக இருக்கும் என்பதால் அது ஆட்டி ஆட்டித்தான் பூமிக் கணக்குக்கு எடை சொல்லும். அந்தப் பத்து விநாடியில் அவள் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். மன்னிச்சிடுங்க கேப்டன், நான்தான். வார்த்தை தொண்டைக்கு வந்துவிட்டது.

"ஐம்பத்திரண்டு. நானூறு கிராம் குறைச்சல்," என்றார் இலியாஸ்.

அவள் தன்னை அறியாமல், "குறைச்சலா?" என்று கேட்டுவிட்டாள்.

"ஏன், ஏறணும்னு ஆசையா? எந்திரி."

எழுந்து வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.  பதினோரு தடவை. குறைந்தது ஏழு கிலோ. இருபத்தாறில் ஏழுதானா என்று மனசுக்குள் ஒரு கேள்வி வந்தது. தின்னும்போது யார் எடை போட்டார்கள், மிச்சத்தையும் நாம்தான் தின்றிருப்போம் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். அவ்வளவும் எங்கே போயிற்று? தப்பித்தோம் என்று முதலில் தோன்றியது. அடுத்த நிமிடம் அந்த நிம்மதியும் போயிற்று.

"அறுபத்தாறு புள்ளி நாலு," என்றார் இலியாஸ். பிறகு எண்ணை மறுபடி பார்த்தார். "ரெண்டு கிலோ முந்நூறு கூடுதல்."

நாற்காலியில் இருந்தவர் தாணுமாலயன்.

 "சாப்பாடு போடுறவரேவா?" என்றான் கஜேந்திரன். "கையில வச்சுக்கினே எங்க எல்லாரையும் பட்டினி போட்டீங்களே அண்ணாச்சி."

நாச்சியம்மை அவரைப் பார்த்துக் கேட்டார். "என்ன சொல்றீக?"

அண்ணாச்சி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக எழுந்தார். "கிடங்கு எம் பொறுப்பு. குறைஞ்சா நாந்தான பதில் சொல்லணும்," என்றார்.  ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஜெசிந்தா வாயைத் திறக்கவில்லை.

விதி சுவர்ப் பலகையில் எழுதப்பட்டிருந்தது. இங்கே வந்த முதல் வாரத்திலேயே ஐந்து பேரும் கையெழுத்துப் போட்ட விதி. உணவைக் களவாடியவருக்குக் கப்பல் வரும்வரை அரைப் பங்கு. கிடங்குக்கு எட்டாத வெளி அறையில் தனி இருப்பு. கையெழுத்துப் போடும்போது அதைப் படித்துச் சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அன்றே அண்ணாச்சியின் படுக்கையை உதிரிச் சாமான்கள் கிடக்கிற வெளி அறைக்குக் கொண்டுபோனார்கள். சமையல் கஜேந்திரன் கைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அண்ணாச்சிக்கு அரைப் பங்கு. அன்று வெள்ளி.

சனிக்கிழமை காலையில் அவள் இலியாஸின் அறைக்குப் போனாள். காயல்பட்டினத்துக்காரர். நிலையத்திலேயே அதிகம் படித்தவர், குறைவாகப் பேசுகிறவர்.

"டாக்டர், ஒரு சந்தேகம். சும்மாதான் கேக்கேன்."

"டாக்டர்கிட்ட யாரும் சும்மா கேக்க மாட்டாங்க. சொல்லு."

"ஒருத்தர் தினமும் குறைச்சலாத்தான் சாப்பிடுதாரு. எப்பவாவது ஒரு நாள் மட்டும் வெறி பிடிச்ச மாதிரி அரை கிலோ, முக்கால் கிலோன்னு தின்னுடுதாரு. எடை ஏறணுமா, இல்லையா?"

இலியாஸ் கையிலிருந்த கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. பதில் மட்டும் யோசிக்காமல் வந்தது. "மறுநாள் ஏறும். அதுல பாதி தண்ணி, மீதி வயித்துல கிடக்கிறது. மூணு நாள்ல இறங்கிடும். அதுக்குள்ள உடம்பு தன் வேலையப் பாக்கும். ரெண்டு நாளைக்குப் பசியக் குறைச்சிடும், அவருக்கே தெரியாது. கொஞ்சம் சூடாக்கி விடும். செரிக்கிறதுக்கே கொஞ்சம் செலவாகும். சில பேருக்குக் கை கால் ஒரு இடத்துல நிக்காது. நடந்துக்கிட்டே இருப்பாங்க, பேனாவத் தட்டுவாங்க, காலை ஆட்டுவாங்க. எல்லாம் சேர்ந்து சரிக்கட்டிடும்."

ஜெசிந்தாவுக்குத் தன் மதிய நடை ஞாபகம் வந்தது. கடலை உருண்டை தின்ற நாளெல்லாம் நிலையத்தின் நீள நடைபாதையில் முந்நூறு, நானூறு தடவை போய் வருவாள். குற்ற உணர்ச்சி என்று நினைத்திருந்தாள்.

"எல்லாருக்கும் அப்படியா?"

"எல்லாருக்கும் இல்ல. அடிக்கடி தின்னா ஏறத்தான் செய்யும். ஆனா ஒரு நாளை வச்சு எதுவும் சொல்ல முடியாது. மாசக் கணக்கப் பாக்கணும். அதுவும் நாம எல்லாருமே இப்ப பட்டினிப் பங்குல இருக்கோம். கூடத் தின்னது இங்க குறைஞ்சதை நிரப்பத்தான் காணும்."

"அப்ப தின்னது எல்லாம் எங்கதான் போகுது?"

"மூச்சுல. எரிஞ்சது பெரும்பாலும் கரியமில வாயுவா வெளிய போயிடும். உனக்குத் தெரியாததா? அதை வடிகட்டுறது உன் எந்திரம்தானே."

 நான்கு மாதமாக மொத்தக் காற்றில் கரியமில வாயு சாப்பாட்டுக் கணக்கை விட அதிகமாகவே வந்துகொண்டிருந்தது. அது தன் மூச்சுதான் என்று அவளுக்குள்ளே ஒரு சந்தேகம் இருந்தது. பார்க்காமல் இருந்தாள். ஒவ்வொருவர் படுக்கை அறைக்கும் தனித்தனியே பதிவு உண்டு. ஆனால் மனிதர்கள் தூங்குகிற இடத்தை வேவு பார்க்கக் கூடாது என்று அந்தப் பதிவு மூடி வைக்கப்பட்டிருந்தது. திறக்க அவள் சாவியும் வேண்டும், கேப்டன் சாவியும் வேண்டும்.

"இதைக் கேப்டன்கிட்ட ஏன் சொல்லல நீங்க? தராசு சரியா சொல்லாதுன்னு?"

"கேக்கல. சொல்லல." இலியாஸின் குரலில் எரிச்சல் தெரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மருந்து அலமாரி பக்கம் திரும்பிவிட்டார்.

"அண்ணாச்சிக்கு எப்படி ரெண்டு கிலோ ஏறிச்சு?"

"ஏறியிருந்துச்சு, எழுதினேன். அவ்வளவுதான். எனக்கு வேலை இருக்கு, ஜெசி."

அங்கிருந்து நேராக வெளி அறைக்குப் போனாள். காற்றுக் குழாயைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சாக்கு. உள்ளே குளிர் அதிகம். அண்ணாச்சி பெட்டிகளுக்கு நடுவே படுக்கையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அவசரமாக மறுபடி மாட்டப் பார்த்தார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். கணுக்கால் எங்கே என்று தெரியாத அளவுக்குக் கால் வீங்கியிருந்தது. காலுறையின் விளிம்பு பதிந்த இடத்தில் விரல் ஆழத்துக்குப் பள்ளம்.

"என்ன அண்ணாச்சி இது?"

"குளிருக்கு. ஒண்ணுமில்ல. இரி மக்களே."

அவள் குனிந்து பெருவிரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அவள் அப்பாவின் தம்பி, குடித்துக் குடித்துச் சாப்பாடே இறங்காமல் செத்துப்போனவர், கடைசி மாதத்தில் இப்படித்தான் இருந்தார். உடம்பு வற்றிப்போய், கால் மட்டும் பொங்கி. எல்லோரும் உடம்பு போட்டிருக்கு என்று சொன்னார்கள்.

அண்ணாச்சியின் முகத்தை அவள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். தினம் மூன்று வேளை பார்க்கிற முகம். கன்னம் உள்ளே போயிருந்தது. கழுத்தில் இரண்டு எலும்பு தனியாகத் தெரிந்தது. தினமும் போகும்போதும் வரும்போதும் "சாப்பிட்டாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டிருக்கிறாள். எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். "ஆச்சு" என்பார். இல்லையென்றால், "நான் பின்ன சாப்பிட்டுக்கிடுதேன்" என்பார். நான்கு மாதத்தில் அவர் ஒரு வாய் எடுத்து வைத்ததைத் தான் பார்த்ததே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

"நீங்க வயிறாரச் சாப்பிடவே இல்ல," என்றாள். "குறைஞ்சதை ஈடுகட்ட உங்க பங்குல பெரும்பகுதியத் திரும்பக் கிடங்குல போட்டிருக்கீங்க. உங்களுக்கு ஏறினது சதை இல்ல அண்ணாச்சி. தண்ணி."

அவர் காலுறையை இழுத்து விட்டுக்கொண்டார். "கொஞ்சம் கொஞ்சமா போட்டா எட்டிரும்னு நெனச்சேன். எங் கணக்கு தப்பிப் போச்சு. எங் கிடங்குல குறையின்னு பேரு வரப்படாது, கேட்டியா."

"எடுத்தது நான்."

"தெரியும். கடலை உருண்டை."

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவமானமா ஆறுதலா என்று அவளுக்கே விளங்கவில்லை.  "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா உனக்கு அரைப் பங்கு. அதுல பதினோரு மாசம் இங்க ஒரு ஆளு தாங்காது."

"நீங்க மட்டும் தாங்குவீங்களா?"

 "கஜேந்திரன் இன்னைக்கு என்ன வச்சான்? அரிசிய ஊற வச்சானா, இல்ல அப்படியே போட்டானா?" என்று கேட்டார்.

"அண்ணாச்சி, இருபத்தாறு கிலோவும் நான் எடுத்ததா?"

 "நீ யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லப்படாது. எழும்பிப் போ," என்று மட்டும் சொன்னார்.

மதியச் சாப்பாட்டுக்கு நான்கு பேரும் மேசையில் கூடியபோது அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். பதினோரு தடவை, என்னென்ன நாள், எங்கே நின்று, எவ்வளவு.  அண்ணாச்சியின் காலைப் பற்றியும் சொன்னாள்.

சொல்லி முடித்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். கஜேந்திரன்தான் முதலில் பேசினான். "யக்கா, உனுக்கு நல்ல மனசு. அதுக்குன்னு அவரு தப்ப நீ ஏத்துக்கினா எப்டி?"

"உன் எடை குறைஞ்சிருக்கு, ஜெசி," என்றார் நாச்சியம்மை. "நாங்க எல்லாரும் பார்த்தோம். அவுக எடை ஏறியிருக்கு. அதையும் பார்த்தோம்."

"தராசு பொய் சொல்லும். டாக்டர், நீங்க சொல்லுங்க. காலையில எங்கிட்ட சொன்னதைச் சொல்லுங்க."

இலியாஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொதுவா சொன்னேன். ஆளுக்கு ஆள் மாறும்," என்றார்.

ஒருத்தி தன் வாயால் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள், நம்ப ஆள் இல்லை. திருடி மாட்டிக்கொள்ளாதபோது பட்ட பயத்தை விட இது மோசமாக இருந்தது. இவர்கள் நம்பாவிட்டால் நாளையிலிருந்து அந்த மனிதருக்கு அரைப் பங்கு. அதையும் அவர் சாப்பிடுவார் என்று என்ன நிச்சயம்? இரண்டு வாரம் கூடத் தாங்க மாட்டார்.

"அப்படின்னா காற்றுப் பதிவைத் திறப்போம்," என்றாள். "படுக்கை அறைப் பதிவு. யாரு எவ்வளவு எரிச்சிருக்காங்கன்னு மூச்சுல தெரியும். தராசை ஏமாத்தலாம். அதை முடியாது. என் அறை எண் ரெண்டு. வந்து பாருங்க."

"வேணாம்," என்றார் இலியாஸ். சட்டென்று சொன்னார். "அது எல்லாருடைய அந்தரங்கம்."

"ஆமா, இன்னாத்துக்கு அதெல்லாம்?" என்றான் கஜேந்திரன். அவன் குரலில் வழக்கமான சத்தம் இல்லை.

ஜெசிந்தா கேப்டனைப் பார்த்தாள். நாச்சியம்மை கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த சாவியை விரலால் உருட்டினார். பிறகு, "திறந்தா திரும்ப மூட முடியாது," என்றார்.

"அண்ணாச்சி செத்துப்போவாரு கேப்டன்."

நாச்சியம்மை எழுந்தார். எல்லோரும் அவர் பின்னால் காற்று எந்திர அறைக்குப் போனார்கள். ஜெசிந்தா தன் சாவியைப் போட்டாள். பக்கத்துத் துளையில் நாச்சியம்மை தன் சாவியை வைத்தார். அவர் கை ஒரு முறை நின்றது. பிறகு திருப்பினார்.

திரையில் ஐந்து கோடுகள் வந்தன, அறைக்கு ஒன்று. நான்கு மாதத்துக் கணக்கு. ஜெசிந்தா தன் இரண்டாம் எண்ணைத்தான் முதலில் தேடினாள். அங்கே இருந்தது. சாப்பாட்டுக் கணக்குப்படி போக வேண்டிய நேர்கோட்டுக்கு மேலே, பதினோரு இடத்தில் முட்டு முட்டாக எழும்பி, இரண்டு நாள் நின்று, இறங்கியது. தன் வெட்கத்தை யாரோ படம் வரைந்து மாட்டியதைப் போல இருந்தது. "இதோ," என்று விரலை வைத்தாள்.

யாரும் அதைப் பார்க்கவில்லை. அவளும் அப்போதுதான் மற்றவற்றைப் பார்த்தாள். மூன்றாம் எண்ணில் முட்டு, பதினாலு இடத்தில். நான்காம் எண்ணில் உயரம் குறைவு, ஆனால் அடிக்கடி. முதலாம் எண்ணிலும் இருந்தது. எண் மாறிவிட்டதோ என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். மாறவில்லை. மூன்று கஜேந்திரன். நான்கு டாக்டர். ஒன்று கேப்டன்.

ஐந்தாம் எண்ணில் முட்டே இல்லை. அந்தக் கோடு முதல் நாளிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது. நேற்று அண்ணாச்சி அறையைக் காலி செய்த இடத்தில் முடிந்தது.

"பால் பவுடர்," என்றான் கஜேந்திரன். அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "என் முறையில. நான் மட்டுந்தான்னு நெனச்சேன். கொஞ்சூண்டுதான துன்றோம், தெரியாதுன்னு."

இலியாஸ் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குத் தராசுல தப்பிக்கலாம்னு தெரியும். வாசிச்சு வச்சிருந்தேன், எனக்காகத்தான். அவரு எடை ஏறினதும் காலைப் பார்த்திருக்கணும். பார்த்தா விஷயம் வெளிய வந்திடும்னு பார்க்கல." அதற்கு மேல் சொல்லாமல் ஐந்தாம் கோட்டின் நுனியை விரலால் தொட்டார். "இது நடமாடுற ஆம்பளை விடுற மூச்சு இல்ல. பையை எடுத்துட்டு வரேன். வாங்க."

நாச்சியம்மை எதைத் தின்றார் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவர் விதிப் பலகை இருந்த பக்கமே பார்க்காமல் வெளி அறைக்கு முதல் ஆளாக நடந்தார்.

நான்கு பேரும் ஒன்றாக வந்து நின்றதும் அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. "எல்லாரும் இங்க வந்துட்டீங்க. அடுப்ப யாரு பாக்கா?" என்றார். கஜேந்திரன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதான். இலியாஸ் காலுறையைக் கழற்றி அழுத்திப் பார்த்தார், நாடியைப் பிடித்தார், கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் இறுகியது.

"எங்க நாலு பேரையும் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார் நாச்சியம்மை.

"பொட்டலத்தப் பாத்தாலே தெரியும் கேப்டன். ஒவ்வொருத்தரு கிழிக்கிறது ஒவ்வொரு மாதிரி." அண்ணாச்சி கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒருத்தரச் சொன்னா நாலு பேரையும் சொல்லணும். நாலு பேருக்கும் அரைப் பங்குன்னா நான் யாருக்குப் பொங்கிப் போட?"

"பெரிய தப்புப் பண்ணிட்டோம்," என்றார் நாச்சியம்மை. அந்தக் குரல் அவருடையது மாதிரியே இல்லை.

ஜெசிந்தா அதற்கு மேல் நிற்கவில்லை. அடுக்களைக்கு ஓடினாள். இந்த ஒரு வேளையாவது அவருக்கு வயிறு நிறையப் போட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான். கிடங்கைத் திறந்து கை நிறைய அரிசி எடுத்தாள், பருப்பு எடுத்தாள், பால் பவுடர் எடுத்தாள், இருந்த கடைசிக் கடலை உருண்டைப் பொட்டலத்தையும் எடுத்தாள். பின்னாலேயே வந்த இலியாஸ் ஒவ்வொன்றாக அவள் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தார்.

"இது எதுவும் ஆகாது."

"என்ன டாக்டர் சொல்லுதீங்க? அவரு பட்டினி கிடக்காரு."

"அதனாலதான். இத்தனை நாள் காஞ்ச உடம்புக்குத் திடீர்னு நிறையக் குடுத்தா ரத்தத்துல இருக்கிற உப்பெல்லாம் தாறுமாறாயிடும். இதயம் நின்னுடும். சாப்பாடு குடுத்தே கொன்னுடுவோம். தண்ணிக் கஞ்சி. நாலு கரண்டி. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு வாரத்துக்கு அதுதான்."

"வாரம் தாண்டினா?"

"தாண்டட்டும். அப்புறம் பேசலாம்."

அவள் கஞ்சி வைத்தாள். கை பழக்கத்தில் ஐந்து பேருக்கு ஆகிற தண்ணீரை ஊற்றிவிட்டாள். பாத்திரம் நிறைய வந்துவிட்டது. அதை அப்படியே வெளி அறைக்குத் தூக்கிப் போனாள். கஜேந்திரன் அண்ணாச்சியின் முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். நாச்சியம்மை தன் போர்வையைக் கொண்டுவந்து அவர் காலில் சுற்றியிருந்தார். ஜெசிந்தா கிண்ணத்தை அவர் கையில் கொடுத்து நான்கு கரண்டி ஊற்றினாள்.

அண்ணாச்சி முதலில் முகர்ந்து பார்த்தார். "உப்பு போட்டியா?"

"டாக்டர் வேண்டாம்னுட்டாரு."

அவர் குடித்தார். மெல்ல ஆரம்பித்து, இரண்டாவது வாய்க்குப் பிறகு வேகமாக, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார். அவர் சாப்பிடுவதை நான்கு பேரும் பார்த்தார்கள். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. கிண்ணத்தின் உள் பக்கத்தை விரலால் வழித்து நக்கினார். பிறகு நிமிர்ந்தார். பாத்திரத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவர் கண் அதில் போய் நின்றது.

"இன்னும் ரெண்டு கரண்டி விடு மக்களே," என்றார்.

இங்கே வந்த இரண்டரை வருடத்தில் அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. ஜெசிந்தா கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டாள். இலியாஸ் தலையை அசைத்தார், இல்லை என்று. அவள் கேப்டனைப் பார்த்தாள், கஜேந்திரனைப் பார்த்தாள். இருவரும் தலை குனிந்துகொண்டார்கள்.

"நாலு மணி நேரம் கழிச்சுத் தாரேன் அண்ணாச்சி," என்றாள்.

அவள் சொன்னது காதில் விழாத மாதிரி அண்ணாச்சி கிண்ணத்தை நீட்டியபடியே இருந்தார்.